அக்கா கொடுத்த குரோமியம் டப்பா

சர்க்கரை நோய் என்று சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். இம்முறை அக்கா, ஒரு சத்து மாத்திரை டப்பாவோடு. அதன் மேல் 'குரோமியம்' என்று கொட்டை எழுத்து. அளவு மட்டும் பொடி எழுத்தில்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் தாது என்ற பெயர் குரோமியத்துக்குச் சும்மா வரவில்லை. பல ஆண்டுகள் ரத்தக் குழாய் வழியாகவே உணவு பெற்றுவந்த ஒரு நோயாளிக்குக் குரோமியம் சேர்த்ததும் இன்சுலின் தேவையே இல்லாமல் போனது என்று 1977இல் பதிவானது. ஆனால் அவர் நிலை வேறு. வாயால் சாப்பிடும் என் நிலை வேறு. குரோமியம் உடலுக்கு அத்தியாவசியம் என்பதற்கே நம்பத்தக்க சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் சொல்லிவிட்டது.

எனக்குப் பிடித்தது துத்தநாகம்தான். விளம்பரமில்லாமல் வேலை பார்க்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைப் பற்றிக்கொண்டு ஒரே கொத்தாகக் காத்திருக்கின்றன. ரத்தத்தில் இறங்கியதும் கொத்து கலைகிறது; தனித்தனியாகப் பிரிந்த இன்சுலின்தான் செல்களின் கதவைத் தட்டுகிறது. நான் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்திலும் துத்தநாகம் உண்டு. அதற்காகத் துத்தநாக மாத்திரையை அள்ளி விழுங்கினால் தாமிரச் சத்து குறையும்.

செலினியம் என்ற இன்னொரு தாது இன்னும் மோசம். தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களிடம் நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது என்றது 2007இல் வெளியான ஓர் ஆய்வு. இதை அக்காவிடம் சொன்னேன். "அப்படியானால் மக்னீசியம் வாங்கித் தரட்டுமா?" என்கிறாள்.