கடைவாய்ப்பல்லில் 3 மில்லிமீட்டர்

ஜூன் 4

கால்நடை மருத்துவனாகப் பணியாற்றிய காலத்தில் என்னிடம் வந்து சேர்ந்த குதிரைக் கீழ்த்தாடை ஒன்றை இன்று பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். மனிதன் குதிரையை முதன்முதலில் எப்போது வளர்த்தான், எப்போது அதன்மேல் ஏறினான் என்ற கேள்விக்குப் பல்லில் விடை தேடியவர்கள் உண்டு. வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு; கடிவாளத்தின் கம்பி அமர்வது அங்கேதான். கம்பியின் இறுக்கம் பிடிக்காத குதிரை அதை நாக்கால் பின்னுக்குத் தள்ளிக் கடைவாயில் கவ்விக்கொள்ளும். நாள்தோறும் இப்படிக் கவ்வுவதால் கடைவாய் வரிசையின் முதல் பல்லில் முன்விளிம்பு சரிவாகத் தேயும். அமெரிக்கத் தொல்லியலாளர்களான டேவிட் ஆண்டனியும் டோர்கஸ் பிரவுனும், கடிவாளம் பூண்ட குதிரைகளையும் அதை அறியாத காட்டுக்குதிரைகளையும் ஒப்பிட்டு, சரிவு 3 மில்லிமீட்டரை எட்டினால் அது கடிவாளத்தின் வேலை என்று வரையறுத்தார்கள். என் மேசைமேல் உள்ள பல்லை அளந்தேன்: 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் இது பல ஆண்டுகள் வண்டி இழுத்த குதிரை.

ஜூன் 5

உக்ரைனில் தினீப்பர் ஆற்றங்கரையில் உள்ள தெரீவ்காவில் கிடைத்த பொலிகுதிரையின் மண்டையோட்டில் அந்தத் தேய்மானம் இருந்தது. அதைச் சுற்றிய மண்ணடுக்கு கி.மு. 4000-ஐ ஒட்டியது என்பதால், உலகின் முதல் சவாரிக்குதிரை அதுவே என்று பேசப்பட்டது. பின்னர் அந்த எலும்பையே, அதில் எஞ்சிய கரிமத்தைக் கொண்டு வயதறியும் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, இரும்புக்காலத்தில் யாரோ பழைய அடுக்குக்குள் குழிவெட்டிப் புதைத்த குதிரை அது என்று தெரியவந்தது. மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பிழை! ஆண்டனி தம் கூற்றைத் தாமே அச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செயல் அதுதான்.

ஜூன் 9

நான்கு நாட்களாகப் போத்தாயை விட்டு மனம் நகரவில்லை. வடக்குக் கஜகஸ்தானில், கி.மு. 3500 அளவில் குழிவீடுகளில் வாழ்ந்த மக்களின் ஊர் அது. விக்டர் சைபர்ட் 1980-இல் தோண்டத் தொடங்கிய அங்கே கிடைத்த விலங்கெலும்புகளில் மிகப் பெரும்பகுதி குதிரையுடையது. வேட்டையாடித் தின்றார்களா, வளர்த்துத் தின்றார்களா என்பதே கேள்வி. 2009-இல் ஆலன் அவுட்ரம் குழுவினர், பல் தேய்மானத்தோடு, மட்பாண்டச் சில்லுகளில் ஊறிய கொழுப்பையும் சான்றாகக் காட்டினார்கள். அந்தப் புல்வெளியில் கோடை மழைநீரில் கனஹைட்ரஜன், அதாவது ஹைட்ரஜனின் எடை கூடிய வகை, கூடுதலாக இருக்கும். குதிரை பால் தருவது கோடையில் என்பதால், பாலின் கொழுப்பில் அந்த அடையாளம் பதிந்து, இறைச்சியின் கொழுப்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும். பிடிபட்ட குதிரையை அடக்கிப் பால் கறந்தவர் அதை வளர்த்தவராகத்தானே இருக்க வேண்டும் என்று அப்போது நானும் ஒப்புக்கொண்டேன்.

பிறகு அடி மேல் அடி விழுந்தது. போத்தாய்க் குதிரைகளின் வழிவந்தவை இன்றைய வீட்டுக்குதிரைகள் அல்ல, மங்கோலியப் புல்வெளியின் காட்டுக்குதிரைகளான பிரெவால்ஸ்கிக் குதிரைகளே என்று 2018-இல் மரபணு ஆய்வு காட்டியது. 2021-இல் வில்லியம் டெய்லரும் கிறிஸ்டினா பாரோன்-ஓர்ட்டிஸும், மனிதன் கடிவாளம் பூட்டியிருக்கவே முடியாத வட அமெரிக்கப் பனியுகக் குதிரைகளின் பற்களிலும் அதே மாதிரித் தேய்மானம் உண்டு என்றார்கள். போத்தாய் மனிதர் இருவரின் பற்காரையிலோ (பல்லில் படிந்து இறுகிய படலம்) பாற்புரதம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் இரண்டே பேரை வைத்து ஓர் ஊரின் உணவைத் தீர்ப்புச் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

ஜூன் 15

குதிரையை விட்டுவிட்டு ஏறியவரைப் பார்ப்போம் என்று 2023-இல் மார்ட்டின் டிராட்மன் குழுவினர் முயன்றிருக்கிறார்கள். ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி நாடுகளின் மண்மேடுகளில் புதைக்கப்பட்ட, புல்வெளி மேய்ச்சல்காரர்களான யாம்னயா மக்களில் ஐவரின் எலும்புகளில், நீள்வட்டமாக மாறிய இடுப்புக்குழி, தொடையெலும்பில் தடித்த தசைப்பற்று, செங்குத்து அதிர்வால் நைந்த முதுகெலும்பு முதலான குறிகள் சேர்ந்து காணப்பட்டன. காலம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் 2500 வரை. குதிரைக்காரர்களுடன் பழகிய எனக்கு அந்த இடுப்பு புதிதன்று. ஆயினும், யாம்னயா மக்கள் மாட்டுவண்டியிலும் அலைந்தவர்கள். வண்டியில் குலுங்கிய இடுப்பும் ஓரளவு இப்படித்தான் தேயும் என்போரின் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஜூன் 21

லுடோவிக் ஒர்லாண்டோ குழுவினரின் 2021, 2024 மரபணு ஆய்வுகளை ஒரே மூச்சில் படித்தேன். இன்றைய குதிரைகளின் மூதாதைகள் ரஷ்யாவின் வோல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியைச் சேர்ந்தவை. கி.மு. 2200 அளவில் அவற்றின் தலைமுறை இடைவெளி (ஒரு தலைமுறை பிறந்து அடுத்தது பிறக்கும் வரையான காலம்) சுருங்கியது, அதாவது யாரோ அவற்றை விரைந்து இனப்பெருக்கம் செய்வித்தார்கள். அடுத்த சில நூற்றாண்டுகளில் அந்த இனம் யுரேசியா முழுவதும் பரவி மற்ற குதிரைகளை ஓரங்கட்டியது. முதுகின் வலுவோடும் சாதுவான குணத்தோடும் தொடர்புடையவை எனக் கருதப்படும் இரு மரபணுக்களும் அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. வியப்பு என்னவென்றால், தலைமுறை சுருங்கியதன் அடையாளம் போத்தாய்க் குதிரைகளிலும் தென்படுகிறதாம். ஆகவே அவர்கள் வளர்த்தது உண்மையாகலாம். வளர்த்திருந்தால் அது ஊனுக்கும் பாலுக்குமாக இருக்கலாம், ஏறுவதற்கன்று.

இரவு தாடையைத் திரும்பப் பரணில் வைக்குமுன், ரஷ்யாவின் தெற்கு யூரல் மலைப்பகுதியில் உள்ள, வெண்கலக்காலத்துச் சிந்தாஷ்டா கல்லறைகளின் படங்களை ஒருமுறை பார்த்தேன். கி.மு. 2000-ஐ ஒட்டிய அந்தக் குழிகளில் ஆரக்கால் தேர்களின் தடமும், கடிவாளத்தின் இரு பக்கமும் கோத்த எலும்பு வட்டில்களும் உள்ளன. வட்டிலின் உட்புறத்தில் சிறு முட்கள்; கடிவாளத்தை இழுத்தால் அவை குதிரையின் கன்னத்தில் குத்தும். தேரில் பூட்டிய குதிரையை ஒரு பக்கம் திருப்ப அந்த முட்கள் போதும்; அதன் முதுகில் எவரேனும் ஏறினாரா என்பதை வட்டில் சொல்லாது.