மூணரை மணிச் செய்தி

வத்திக்கான் ஆயர் (பிஷப்) பெயரை அறிவித்தபோது ரோமில் உச்சிவேளை, நமக்கு மூணரை. 2020-லிருந்து ஆயர் இல்லாமல் கிடந்த சிவகங்கை மறைமாவட்டத்துக்கு லூர்து ஆனந்தம் சாமியை ஆயராக அறிவித்த அந்த 2023 செப்டம்பர் இன்று ஞாபகம் வந்தது.

அந்த மறைமாவட்டத்து மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் அன்று எங்கள் தெருவின் முதல் கேள்வி: "எந்த ஊரு சாமி?" இரண்டாவதை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அத்தை ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியப்பா மட்டும் தலை நிமிரவில்லை. "மூணு வருசமா பூசையில போப்பாண்டவர் பேருக்கு அப்புறம் நம்ம ஆயர் பேரே இல்லப்பா. இனி சொல்லுவாக."

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இலங்கை நேவிக்காரன் போட்டைப் புடிச்சு வச்சா கடக்கரைக்கு வந்து நம்மளோட ஒக்காருவாரா? அதக் கேளு."

யாரிடம் கேட்பது? நான் டீ வாங்கப் போய்விட்டேன்.