தீர்த்தகிரி எங்கிருந்து வந்தார்?

எங்கள் வீட்டு ஆண்களின் பெயரெல்லாம் மாதில்தான் தொடங்கும். மாதையன், மாதப்பன், மாது, இப்போது தம்பி மகன் மாதேஷ். பென்னாகரம் வட்டாரத்தில் இது அதிசயமில்லை. காவிரிக்கு அக்கரையில் கர்நாடக மலைமேல் இருக்கும் மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு வைக்கிற பெயர்கள். தாத்தா பெயர் பேரனுக்கு என்று தலைமுறை விட்டுத் தலைமுறை வருவதால், பழைய பத்திரங்களைப் பிரித்து வைத்தால் எந்த மாதையன் யாருக்கு அப்பா, யாருக்குப் பேரன் என்று பிடிபடவே நேரமாகும்.

இந்த வரிசையில் ஒரே ஒரு பெயர் ஒட்டாமல் நின்றது. தீர்த்தகிரி. அப்பாவின் தாத்தாவுக்குத் தம்பி. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "மாதப்பன் குமாரர்கள் மாதையன், தீர்த்தகிரி" என்று இருக்கிறது. மேலே "சேலம் ஜில்லா" என்று போட்டிருக்கிறது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. அதற்கு வெகுகாலம் முந்தைய தாள். நிலத்தின் நாலு எல்லை, கிணற்றில் யாருக்கு எந்த முறை, புளியமரம் யாருக்கு எத்தனை என்று அத்தனையும் எழுதியவர்கள் அந்த இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளின் பெயரை எழுதவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

அரூரில் வாக்கப்பட்ட பெரிய அத்தையிடம் கேட்டேன். "மூத்தவனுக்கு அப்பன்வழித் தாத்தா பேரு, ரெண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பேரு. அப்படித்தான கண்ணு நம்ம வழக்கம்? இங்க வந்து பாரு, எத்தனை தீர்த்தகிரி இருக்காங்கன்னு" என்றார். அரூருக்கு அப்பால் தீர்த்தமலை. மேலே தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறையிலிருந்து கொட்டும் ராமர் தீர்த்தம். அப்படியென்றால் பெயர் தெரியாத அந்தப் பாட்டி அந்த மலையடிவாரத்துப் பெண்ணாக இருக்க வேண்டும்.

எந்த ஊர் என்று காட்டிக்கொடுத்தது அப்பா கல்யாணத்து மொய் நோட்டு. ஊர், வகையறா, பெயர், ரூபாய். திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு ஆயிற்றே, உறவு முறையைப் பிசகாமல் குறித்திருக்கிறார்கள். தீர்த்தமலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நேரே "பாட்டி பொறந்த வூடு, தீர்த்தகிரி பேரன்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. பழைய மொய் நோட்டை தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பட்டாவிலும் சிட்டாவிலும் ஏறாத பெண்வழி உறவெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அத்தையையும் அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அந்த வீட்டு மூத்த அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "பென்னாகரத்துக்குக் குடுத்தது வேடியம்மாள."

அப்பாவுக்கு வேடியம்மாள் என்று ஓர் அத்தை இருந்தார். மாதேஸ்வரனைக் கும்பிடுகிற வீட்டில் வேடியப்பன் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. வேடியப்பன் இந்தச் சீமையின் காவல் தெய்வம். பல ஊர்களில் பழைய நடுகல்லைத்தான் வேடியப்பனாக வைத்துக் கும்பிடுகிறார்கள். மாதையன் தன் மகளுக்குத் தன் தாயின் பெயரை வைத்திருக்கிறார். பத்திரத்தில் விட்டுப்போன பெயர் எங்கள் வீட்டிலேயே ஒரு முழு ஆயுள் புழங்கியிருக்கிறது.

தம்பி மகனின் நோட்டில் நான் வரைந்து வரும் வம்ச வரைபடத்தில் மாதப்பனுக்குப் பக்கத்தில் வேடியம்மாள் என்று எழுதிவிட்டேன். அவள் தாயின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஊர்க் கோயில் தலைக்கட்டு நோட்டு பூசாரியிடம் இருக்கிறதாம், பண்டிகைக்குத்தான் வெளியே எடுப்பாராம். மாசியில் போகிறேன்.