அவர் பார்த்த வேலைகளும் இனி என்னுடையவை

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கேரவனில் ஊர் சுற்றும் தம்பதிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லா வேலையும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒருவர் வண்டியைப் பின்னால் எடுப்பார், மற்றவர் நின்று கை காட்டுவார். ஒருவர் மின்கம்பியைச் செருகுவார், மற்றவர் தண்ணீர்க் குழாயை மாட்டுவார். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல, வருடங்கள் போகப் போகத் தானாக அமைந்துவிடுவது. எங்களில் காரோடு கேரவனை இணைப்பது, ஓட்டுவது, கழிவறைத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவுவது எல்லாம் என் கணவர். வழி பார்ப்பதும், உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதும், கை காட்டுவதும் நான். அவர் இறந்தபோது, இத்தனை வருடப் பயணத்தில் பாதிதான் எனக்குத் தெரியும் என்பது புரிந்தது.

மெல்போர்னுக்குக் குடிவந்த காலத்தில் இந்த நாட்டை எனக்குப் பழக்கியது கேரவன்தான். நகரத்தில் யாரும் யாரோடும் நின்று பேசுவதில்லை. கேரவன்களை நிறுத்தித் தங்கும் கேரவன் பூங்காவில் துணி துவைக்கும் இடத்தில் நின்றால் போதும், பக்கத்தில் இருப்பவர் எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம், எந்தச் சாலை மோசம் என்று எல்லாம் சொல்லிவிடுவார். என் ஆங்கிலத்தின் கூச்சம் போனது அங்கேதான். மரே ஆறும் கிராம்பியன்ஸ் மலைகளும் கிரேட் ஓஷன் ரோடும் எனக்கு வரைபடத்தில் இருக்கும் பெயர்களாக இல்லாமல் போனதும் அப்படித்தான். அதனால் மகன், "வித்துடலாம்மா, தனியா எப்படிம்மா போவீங்க?" என்று கேட்டபோது அவன் அக்கறை புரிந்தும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

வண்டிப் பதிவையும் காப்பீட்டையும் என் பெயருக்கு மாற்றியது காகித வேலை, அதைப் பிள்ளைகள் கூட இருந்து முடித்தார்கள். கேரவன் இழுக்கத் தனி உரிமம் தேவையில்லை, சாதாரண கார் உரிமமே போதும். ஆனால் உரிமம் இருப்பதும் இழுக்கத் தெரிவதும் ஒன்றல்ல. ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். தனியாகத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சொந்தக்காரர் யாராவது கற்றுக்கொடுப்பார் என்று காத்திருக்காதீர்கள். சொந்தக்காரர்கள் பதறுவார்கள், அந்தப் பதற்றம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பில் எனக்கு மிகவும் தேவைப்பட்டது எடைக் கணக்கு. சாமான்களோடு சேர்த்துக் கேரவன் இவ்வளவுதான் இருக்கலாம் என்று தகட்டில் ஒரு எல்லை அடித்திருப்பார்கள், அதற்கு ஏடிஎம் என்று பெயர். அதைத் தாண்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. காரின் பின்னால் கேரவனை மாட்டும் கொக்கிப் பந்தின் மேல் கேரவனின் மூக்கு அழுத்தும் எடை, மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இருந்தால் நல்லது. மிகவும் குறைந்தால் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் கார் பிரேக்கை அழுத்தி மிதிக்கக்கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கேரவனின் மின்பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்க வேண்டும்.

இது எனக்கு ஏன் முக்கியமானது என்றால், அவருடைய கருவிப் பெட்டி முன்பக்கப் பெட்டியில் இருந்தது. கனமான இரும்பு. மடக்கு நாற்காலி, மீன்பிடித் தூண்டில்கள், அவர் சட்டைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்க எடுக்க கேரவனின் எடை இருந்த இடம் மாறியது. பந்தின் எடையை அளக்கும் சிறு தராசு ஒன்று உண்டு. ஒவ்வொரு சாமானையும் எடுத்த பிறகு அதை வைத்து அளந்தேன். கருவிப் பெட்டியை எடுத்தபோது எண் சட்டென்று இறங்கிவிட்டது. அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். துக்கத்தால் வைத்தேன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அது அங்கே இருந்தால்தான் கேரவன் நேராக ஓடும். பிறகு அதில் இருந்த சாவிகளையும் ஸ்பேனர்களையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

பின்னால் எடுப்பதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்: கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். கை காட்ட ஆள் இல்லாவிட்டால் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறிக்கொள்ளலாம். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் படட்டும். அதோடு, நேராக உள்ளே போய் நேராக வெளியேறும் 'டிரைவ் த்ரூ' இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் எச்சூக்கா போனேன். மரே ஆற்றங்கரையில், பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இன்னும் ஓடுகிற ஊர். பகல் நன்றாகப் போனது. சாயங்காலம்தான் கடினம். எல்லோரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரும் நேரத்தில், ஒரு பெரியவர் "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று சாதாரணமாகக் கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். யாரும் பேச்சை மாற்றவில்லை. அவருக்கு எந்த இடம் பிடிக்கும், எந்தக் கார் வைத்திருந்தார் என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் அவர் பெயரை எடுத்தாலே எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனாலும் எனக்கு அவரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது, அன்றைக்குப் பேசினேன்.

அங்கே சந்தித்த, என்னைப் போலவே தனியாகக் கேரவன் இழுக்கும் ஒரு பெண்ணோடு இந்தக் குளிர்காலத்தில் நல்லார்பர் சமவெளியைக் கடக்கப் போகிறேன். செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர், நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. பல இடங்களில் போன் எடுக்காது. அதனால் அவசரக் குறிப்பு அனுப்பும் பிஎல்பி கருவி ஒன்றை வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துவிட்டேன். இரண்டு வண்டிகளிலும் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோ உண்டு, லாரிக்காரர்கள் பேசும் 40ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கும். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அதற்கு முன்பே தீர்க்கும்படி சமையல் கணக்குப் போடுகிறேன், அது எப்போதும் என் வேலைதான். வழியில் ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரைக்கு அருகே வரும் பருவம் அது. அவருக்கு அங்கே போக வேண்டும் என்று இருந்தது. எனக்கும் இருந்தது, ஜூலையில் கிளம்புகிறோம்.