பாதி நாள் பாடம், பாதி நாள் துணி துவைப்பு

லாட்ஜில் ரூம் துடைக்கிறவளைப் பற்றி யாராவது கதை எழுதினால் எனக்குத் தனி ஆர்வம் வந்துவிடும். அந்தேரியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசருக்கு வேறென்ன கண் இருக்கும்?

மிஷெல் குட் எழுதி 2020இல் வந்த 'ஃபைவ் லிட்டில் இண்டியன்ஸ்' நாவலை மாஹிம்–அந்தேரி லோக்கலில்தான் படித்து முடித்தேன். உட்கார இடம் கிடைத்த நாட்களில் மட்டும். அவர் கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான கிரீ இனத்துப் பெண், வழக்கறிஞர். நாவல், கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அடைத்த ரெசிடென்ஷியல் பள்ளிகள் பற்றியது. அரசு பணம் கொடுத்தது, சர்ச்சுகள் நடத்தின. ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள். தாய்மொழியில் பேசினால் அடி. கடைசிப் பள்ளிகளை 1990களில்தான் மூடினார்கள்.

கதை பள்ளிக்குள்ளேயே நின்று அழவில்லை, வெளியே வந்தபின் எப்படிப் பிழைத்தார்கள் என்று போகிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. அப்படி வெளியே வந்தவர்களில் ஒருத்தி லூசி. வான்கூவர் நகரத்தில் அவளுக்குக் கிடைப்பது ரூம் துடைக்கிற வேலை. நிஜத்தில் அந்தப் பள்ளிகள் பலவற்றில் 1950கள் வரை பாதி நாள்தான் பாடம். மீதி நேரம் பையன்களுக்கு வயல்வேலை, பெண்பிள்ளைகளுக்குச் சமையல், தையல், துணி துவைப்பு. அதை மட்டும் பழக்கி அனுப்பினால் அவள் எந்த ஆபீசுக்குப் போவாள்? ஆனால் இப்போது அதே வேலைக்குச் சம்பளம் அவள் கையில். தன் காசில் வாடகை கொடுத்து, கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாம். முதல் சம்பளம் வாங்கிய தாராவிப் பெண்களை எத்தனையோ பார்த்தவள் நான். இது எவ்வளவு பெரிய விஷயமென்று எனக்குத் தெரியும்.

நாவலில் வரும் கென்னி மீதுதான் ஆத்திரம். லூசியோடு குடும்பம், ஒரு மகள். இருந்தும் வீட்டில் தங்கமாட்டான், வருவான், போவான். ஷிஃப்ட் முடிந்து இதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "யக்கா, பள்ளிக்கூடத்துலருந்து ஓடிவந்தவன்னுதானே சொன்னீங்க? ஓடித்தானே உயிரோட இருந்தான்? இப்ப இருன்னா எப்படி இருப்பான்?"

பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பள்ளிகளில் இருந்தவர்களுக்கு 2007இல் நடைமுறைக்கு வந்த நஷ்டஈட்டுக்குப் பேச்சை மாற்றினேன். முதல் வருஷத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000. பத்து வருஷம் கிடந்தவருக்கு 37,000.

"அந்தத் துணியெல்லாம் துவைச்சதுக்குக் கூலி இதுலயே அடங்கிருச்சாக்கா?"

"இது அங்க இருந்த வருஷக் கணக்குக்கு மட்டும்டி."

"அப்ப கூலி பாக்கி" என்று லாக்கரைப் பூட்டினாள்.