கடை வாசலில் தொங்கும் சரம்

காலையில் பெட்டிக்கடை அண்ணாச்சி ஷாம்பு சரத்திலிருந்து ஒரே ஒரு பாக்கெட்டைக் கிழித்து ஒரு அக்காவிடம் கொடுத்தார். ஒரு குளியலுக்கு, அவ்வளவுதான்.

அந்தச் சரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதல் போட்டு, இப்படிச் சின்னப் பாக்கெட்டில் விற்கும் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். எதிரே நின்றவை பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய காலி பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். அப்புறம் விதியை மாற்றினார்: காலி சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும்!

பெரிய கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளைப் படிக்கும்போது லாபக் கணக்குக்கு முன்னால் நான் தேடுவது இதைத்தான். வாங்குபவர் கையில் இன்று எவ்வளவு காசு இருக்கும் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா?

அக்கா மீதிச் சில்லறைக்குக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.