எண் 19 யாருக்குச் சொந்தம்?

1984 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, அமெரிக்கக் கால்பந்து அணியான பால்டிமோர் கோல்ட்ஸ், தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் லாரிகளில் ஏற்றிக்கொண்டு, ஊருக்குச் சொல்லாமலேயே இண்டியானாபொலிஸுக்குக் குடிபெயர்ந்தது. பால்டிமோரில் அந்த அணியின் நட்சத்திர வீரராக இருந்த ஜானி யூனிடாஸ் அணிந்த 19ஆம் எண்ணை அங்கேயும் வேறெவருக்கும் வழங்காமல் நிர்வாகம் காத்துவருகிறது. முறைப்படி அது மரியாதைதான். ஆனால் யூனிடாஸோ, தாம் ஆடியது பால்டிமோருக்காகவே என்பதில் உறுதியாக நின்று, இடம்பெயர்ந்த அணியோடு உறவை முறித்துக்கொண்டார். கோல்ட்ஸின் இசைக்குழுவும் ஊரைவிட்டுப் போகாமல், அணியே இல்லாத 12 ஆண்டுகளும் வாசித்துக்கொண்டிருந்தது. யூனிடாஸின் சிலை இன்று நிற்பது, 1996இல் பால்டிமோருக்கு வந்த ரேவன்ஸ் அணியின் மைதானத்துக்கு வெளியே. அந்த ரேவன்ஸும் கிளீவ்லாந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டதுதான்! எனினும் அங்கே, ரசிகர்கள் கொந்தளித்ததால், பிரவுன்ஸ் என்ற பழைய பெயரும் நிறங்களும் சாதனைப் பதிவுகளும் ஊருக்கே விடப்பட்டு, 1999இல் புதிய அணிக்கு வழங்கப்பட்டன. எண்ணைப் பூட்டிவைப்பதைவிட இதுவே நேர்மையான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன்.